செங்ஹெனித் சுரங்க வெடிப்பு: ஒரே காலைல 439 பேர் எப்படி போனாங்க?

நிலக்கரிச் சுரங்கத்துல வெடிப்புன்னு செய்தி வரும்போதெல்லாம் "மீத்தேன் வாயு கசிந்து வெடித்தது"ன்னு ஒரு வரில முடிச்சிடுவாங்க. படிக்கிறவங்களுக்கு குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. ஒரு மூலைல சேர்ந்த வாயு வெடிச்சா அந்த மூலைல நின்னவங்க சாகலாம், சரி, ஒரு கிலோமீட்டர் தள்ளி வேற பாதைல வேலை பார்த்துட்டு இருந்தவங்க எப்படி சாவாங்க? உடம்புல ஒரு கீறல் கூட இல்லாம வரிசையா கிடந்தாங்கன்னு எழுதுறாங்களே, அது எப்படி?

இதைப் புரிஞ்சுக்க பிரிட்டன் வரலாற்றுலயே மோசமான சுரங்க விபத்தை எடுத்துக்கலாம். வேல்ஸ் நாட்டுல செங்ஹெனித்னு ஒரு சின்ன ஊர். 1913 அக்டோபர் 14. செத்தவங்க 439 தொழிலாளிங்க, அப்புறம் மீட்கப் போன ஒருத்தர், மொத்தம் 440. இதை எடுக்குறதுக்கு காரணம் எண்ணிக்கை மட்டும் இல்ல. அதே சுரங்கம் 12 வருஷம் முன்னாடி ஒரு தடவ வெடிச்சிருக்கு, அப்பவே காரணத்தையும் எழுதிக் குடுத்திருக்காங்க.

ஒண்ணு முதல்ல சொல்லிடுறேன். நம்ம ஊர்ல சுரங்கம்னாலே நெய்வேலிதான் ஞாபகம் வரும், ஆனா அது திறந்தவெளிச் சுரங்கம், மேல மண்ணை வெட்டி ஒதுக்கிட்டு பழுப்பு நிலக்கரிய எடுக்குறது. வாயு வந்தாலும் காத்தோட போயிடும். இங்க பேசப்போறது அப்படி இல்ல, கிணறு மாதிரி நேரா கீழ இறங்கி, அங்கேர்ந்து பக்கவாட்டுல மைல்கணக்கா பாதை வெட்டி, மூடின இருட்டுல வேலை செய்யுற சுரங்கம்.

ஊர் எப்படி உருவாச்சு

தலைநகர் கார்டிஃப்புக்கு வடக்க, கேர்ஃபில்லி ஊர் தாண்டி, அபர் பள்ளத்தாக்கோட உச்சில இருக்கு செங்ஹெனித். 1890 வரைக்கும் அங்க ஊருன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, சில பண்ணைகளும் ஆட்டு மேய்ச்சலும்தான். 1891-ல யுனிவர்சல் கம்பெனி சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சுது, 1896-ல நிலக்கரி கிடைச்சுது, நடுவுல 1894-ல ரயில் லைன் வந்துடுச்சு. அதுக்கப்புறம் மலைச்சரிவுல வரிசை வரிசையா ஒட்டு வீடுங்க, சர்ச்சுங்க, கடைத்தெரு. வேல்ஸோட மத்த பகுதில இருந்தும் இங்கிலாந்துல இருந்தும் ஆளுங்க பிழைக்க வந்து சேர்ந்தாங்க.

ஏன் இவ்வளவு அவசரம்? தெற்கு வேல்ஸ்ல கிடைச்சது 'ஸ்டீம் கோல்'. புகை கம்மி, சூடு அதிகம், பிரிட்டிஷ் கடற்படை கப்பல்ல இருந்து உலகம் பூரா ஓடுன நீராவிக் கப்பல் வரைக்கும் இதைத்தான் கேட்டாங்க. 1913-ல தெற்கு வேல்ஸ் மட்டும் வெட்டினது 5 கோடியே 68 லட்சம் டன், அந்தப் பகுதி அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தொடாத உச்சம். வெடிப்பு நடந்ததும் அதே வருஷம்தான்.

சுரங்கத்துக்கு ரெண்டு செங்குத்துக் கிணறு, ஆங்கிலத்துல ஷாஃப்ட்னு சொல்றது. ஒண்ணுக்கு லங்காஸ்டர், இன்னொண்ணுக்கு யார்க்னு பேரு. ஆழம் கிட்டத்தட்ட 600 மீட்டர். சுரங்கம் வளர்ந்த காலத்துல தென்னாப்பிரிக்காவுல போயர் யுத்தம் நடந்துட்டு இருந்துச்சு, அதனால கீழ இருக்கிற பகுதிங்களுக்கு மாஃபெகிங், லேடிஸ்மித், கிம்பர்லின்னு யுத்தச் செய்தில வந்த ஊர் பேரையே வச்சுட்டாங்க. அடுத்த ஊரு அபர்ட்ரிட்வர்ல வின்ட்சர்னு இன்னொரு சுரங்கம் இருந்துச்சு, ஆனா செங்ஹெனித்துக்கு யுனிவர்சல்தான் எல்லாமே. அப்பா அங்க, 14 வயசு ஆன பையனும் அங்க, வீட்டுல வாடகைக்கு தங்கியிருக்கிறவரும் அங்கதான்.

வெடிப்பு எப்படி நடக்குது: மூணு கட்டம்

இதுதான் கட்டுரையோட முதுகெலும்பு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

1. வாயு. நிலக்கரி உருவாகும்போதே அதுக்குள்ள மீத்தேன் அடைஞ்சு கிடக்கும், வெட்ட வெட்ட வெளிய வரும். சுரங்கக்காரங்க இதை 'ஃபயர்டாம்ப்'னு சொல்லுவாங்க. காத்தை விட லேசு, அதனால கூரைப் பக்கம் போய் சேரும். காத்துல 5 சதவீதத்துக்கு கீழ இருந்தா வெடிக்காது, 15-க்கு மேல போனாலும் ஆக்சிஜன் பத்தாம வெடிக்காது, நடுவுல இருக்கிறதுதான் ஆபத்து, 9-10 பக்கம் வந்தா படுமோசம். ஒரு சின்ன பொறி போதும், 0.3 மில்லிஜூல் கூட வேண்டாம். ஆனா வாயு எங்க சேர்ந்திருக்கோ அங்க மட்டும்தான் வெடிக்கும். இந்தக் கட்டத்தோட நின்னா சாவு எண்ணிக்கை ஒத்தை இலக்கமாவோ, சில பத்துகளாவோ இருக்கும்.

2. தூசி. நிலக்கரி வெட்டும்போதும் டிராம்ல (தண்டவாளத்துல ஓடுற கரி வண்டி) ஏத்தி இழுக்கும்போதும் மெல்லிசான கரித்தூசி பறந்து தரை, சுவர், கூரையைத் தாங்குற மரச்சட்டம், எல்லாத்து மேலயும் படியும். படிஞ்சு கிடக்கிற வரைக்கும் சாது. வாயு வெடிச்சதும் என்ன ஆகுதுன்னா, தீக்கு முன்னாடி ஒரு காத்து அலை ஓடும், அது படிஞ்ச தூசியை எல்லாம் கிளப்பி பாதை முழுக்க மேகமா நிறைச்சிடும், பின்னாலயே வர்ற தீ அந்த மேகத்தைப் பத்த வைக்கும், அந்த வெடிப்பு அடுத்த இடத்துத் தூசியைக் கிளப்பும். மரக்கட்டை அடுப்புல நின்னு எரியும், அதையே ரம்பத்தூளா அரைச்சு தீ மேல அள்ளி வீசினா குபுக்குன்னு ஒரே பிழம்பு, அந்த கதைதான். இதுக்கு வாயுவே தேவையில்ல, தூசி இருக்கிற வரைக்கும் அது ஓடிட்டே இருக்கும். எவ்வளவு தூசி வேணும்? ஒரு கன மீட்டர் காத்துக்கு 50 கிராம் இருந்தாலே வெடிக்கும். 3 மீட்டர் அகலம் 3 மீட்டர் உயரம் இருக்கிற பாதைன்னு வச்சுக்கிட்டா ஒரு மீட்டர் நீளத்துக்கு அரைக் கிலோ கூட வராது. சுவர், கூரை, தரைன்னு பரப்பிப் பார்த்தா ஒரு பேப்பர் கனம் கூட இல்ல.

3. அதுக்கப்புறம் வர்ற காத்து. தூசி அரைகுறையா எரியும்போது கார்பன் மோனாக்சைடு கொட்டும். வாசனை இல்ல, நிறம் இல்ல. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனை பிடிக்கிறதை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். சுரங்கக்காரங்க வச்ச பேரு 'ஆஃப்டர்டாம்ப்'. தீயே எட்டாத இடத்துல இருந்தவங்களையும் இதுதான் கொல்லும். கீறல் இல்லாம செத்துக் கிடந்தாங்கன்றது இதனாலதான்.

ஆக வாயு பத்த வைக்குது, தூசி அதை சுரங்கம் முழுக்க கொண்டு போகுது, நச்சுக்காத்து மிச்சம் இருக்கிறவங்களை முடிக்குது. செய்தில வர்ற 'மீத்தேன்'ங்கிறது முதல் கட்டம் மட்டும்.

இது 1913-ல யாருக்கும் தெரியாத ரகசியம்னு நினைச்சுடாதீங்க. தூசிதான் வெடிப்பை பரப்புதுன்னு வில்லியம் கேலோவேங்கிற சுரங்க நிபுணர் 1870-கள்லயே சோதனை பண்ணி சொல்லிட்டாரு, அப்ப பல பேரு ஏத்துக்கல. 1896-ல அதே தெற்கு வேல்ஸ்ல டைலர்ஸ்டவுன்ல வெடிப்பு, 57 பேர் சாவு, ஜே.எஸ்.ஹால்டேன்ங்கிற உடலியல் விஞ்ஞானி அங்க போய் உடல்களைப் பார்த்துட்டு பெரும்பாலானவங்க செத்தது அடிபட்டு இல்ல, கார்பன் மோனாக்சைடாலன்னு எழுதினாரு. சுரங்கத்துக்குள்ள கேனரிக் குருவியைக் கொண்டு போற பழக்கம் அவர் யோசனைதான், மனுஷனுக்கு முன்னாடி குருவி மயங்கி விழும். 1906-ல பிரான்ஸ்ல கூரியேர் சுரங்கத்துல 1,099 பேர் செத்தப்ப, தூசி மட்டுமே என்ன பண்ணும்ங்கிற வாதமே முடிஞ்சு போச்சு.

1901: முதல் எச்சரிக்கை

1901 மே 24, விடிகாலை. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு முக்கால்வாசி பேரு மேல வந்துட்டாங்க, கீழ இருந்தது 82 பேர். வெடிச்சுது. பிழைச்சது ஒரே ஒருத்தர், குதிரைங்களைப் பார்த்துக்கிறவர் (அப்ப கீழ டிராம் இழுக்க குதிரைங்கதான்), செத்துப்போன குதிரைக்குப் பக்கத்துல கண்டெடுத்தாங்க. 81 பேர் போயிட்டாங்க. பகல் ஷிஃப்ட் கீழ இருந்த நேரமா இருந்திருந்தா கணக்கு எங்கயோ போயிருக்கும்.

இதுக்கு ரிப்போர்ட் எழுதினவர் யாருன்னா அதே கேலோவே. கரித்தூசி நிறைய இருந்துச்சு, அதுதான் வெடிப்பை பெருசாக்கி உள்ள வரைக்கும் கொண்டு போச்சுன்னு எழுதினாரு. 30 வருஷமா அவர் சொல்லிட்டு இருந்த விஷயம் இந்த சுரங்கத்துலயே நடந்து, அவர் கையாலயே பதிவாச்சு. கம்பெனி திரும்ப வேலையை ஆரம்பிச்சுது, உற்பத்தி ஏறுச்சு, ஆளுங்க கூடினாங்க. 1913 வாக்குல தினமும் வெட்டினது 1,800 டன் அளவுக்கு.

1913 அக்டோபர் 14

காலை 6 மணிக்குள்ள பகல் ஷிஃப்ட் இறங்கியாச்சு, சுமார் 950 பேர். அதுக்கு முன்னாடி வழக்கம் போல ஃபயர்மேனுங்க, அதாவது வாயு இருக்கான்னு பாத்து சொல்ற பரிசோதகருங்க, சுத்தி வந்துட்டாங்க. 8 மணி தாண்டி கொஞ்ச நேரத்துல மேற்குப் பக்கத்துல வெடிப்பு.

அலை லங்காஸ்டர் ஷாஃப்ட் வழியா மேல ஏறிச்சு. ஆளுங்களை ஏத்தி இறக்குற 2 டன் இரும்புக் கூண்டு, 600 மீட்டர் கிணத்துக்குள்ள இருந்து எகிறி மேல இருக்கிற கோபுரத்துல போய் மோதிச்சு. மேல மேடைல வேலை பார்த்துட்டு இருந்த ஒருத்தர் அங்கயே செத்தாரு, சுரங்கத்துக்குள்ள இறங்காமலே செத்தவர் அவர்.

மேனேஜர் எட்வர்ட் ஷா யார்க் ஷாஃப்ட் வழியா கீழ இறங்கினாரு. இதை சொல்லியே ஆகணும், பின்னால அவரைப் பத்தி வேற மாதிரி பேசப்போறோம், ஆனா அன்னைக்கு காலைல உள்ள என்ன இருக்குன்னே தெரியாம இறங்கின முதல் ஆளுங்கள்ல அவர் ஒருத்தர். கிழக்குப் பக்கம் வேலை பார்த்தவங்க கிட்டத்தட்ட அப்படியே உயிரோட மேல வந்தாங்க, 450-க்கு மேல. வெடிப்பு அந்தப் பக்கம் திரும்பல. மேற்குப் பக்கம் தீ. தண்ணிக் குழாய் உடைஞ்சிருந்துச்சு. மூச்சுக்கருவி மாட்டின பயிற்சி பெற்ற மீட்புக்காரங்க சுரங்கத்துல கிடையாது, போர்த் மாதிரி வேற பள்ளத்தாக்குல இருக்கிற மீட்பு நிலையத்துல இருந்துதான் வரணும். ஆஃப்டர்டாம்ப் நிறைஞ்ச சுரங்கத்துல ஒவ்வொரு பத்து நிமிஷமும் உயிர்க் கணக்குங்கிறதை மேல மூணாவது பாயின்ட்டோட சேர்த்துப் படிங்க.

அன்னைக்கு ராத்திரி மேற்குப் பக்கத்துல இருந்து 18 பேரை உயிரோட கண்டுபிடிச்சாங்க. ஊர்ல நம்பிக்கை வந்துச்சு, இன்னும் வருவாங்கன்னு. அதுக்கப்புறம் யாரும் வரல. தீயை அடக்கவே நாள்கணக்கா ஆச்சு, உடல்களை எடுக்க வாரக்கணக்கா ஆச்சு. மீட்புக்குப் போன ஒருத்தர் கூரை சரிஞ்சு செத்தாரு.

செத்தவங்கள்ல 14 வயசுப் பசங்க 8 பேர். 200-க்கு மேல பொண்ணுங்க புருஷனை இழந்தாங்க, 500-க்கு மேல குழந்தைங்களுக்கு அப்பா இல்லாம போச்சு. கமர்ஷியல் ஸ்ட்ரீட்னு ஒரே தெருவுல மட்டும் 40 பேருக்கு மேல. ஒரே வீட்டுல அப்பாவும் பையனும் போன வீடுங்க இருக்கு. சின்ன ஊர்ல ஒரே வேலை இடம்னா இதுதான் அர்த்தம், துக்கம் விசாரிக்கப் போற வீட்டுலயும் துக்கம்.

என்னென்ன தெரிஞ்சிருந்துச்சு, என்னென்ன நடக்கல

1914 ஜனவரில விசாரணை. நடத்தினவர் சுரங்கங்களோட தலைமை ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன், கூட முதலாளிங்க தரப்புல எவன் வில்லியம்ஸ், தொழிலாளிங்க தரப்புல ராபர்ட் ஸ்மைலி. இருபதாயிரத்துக்கு மேல கேள்வி கேட்டாங்க. பொறி எங்க இருந்து வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியலன்னு கடைசில ஒத்துக்கிட்டாங்க, ஆனா எலக்ட்ரிக் மணி சிக்னல்ல இருந்து வந்திருக்கலாம்ங்கிற சந்தேகம் பலமா இருந்துச்சு. பொறியை விட முக்கியம் மத்த விஷயங்கள்:

1. தூசியை அள்ளுறது. 1911-ல வந்த நிலக்கரிச் சுரங்கச் சட்டம் தரை மட்டும் இல்ல, கூரை, சுவர் மேல படியுற தூசியையும் முறையா அகற்றணும்னு சொல்லுது. இங்க தரையைத்தான் பெருக்கினாங்க. மேல மரச்சட்டத்துல படிஞ்சது அப்படியே இருந்துச்சு, அது தரைத் தூசியை விட மெல்லிசு, அதனால இன்னும் மோசம். டிராம்களும் முழுசா அடைப்பு இல்லாத வகை, நிரப்பி வேகமா இழுக்கும்போது வழியெல்லாம் சிந்திட்டே போகும்.

2. ஃபேனை திருப்பி ஓட்டுற வசதி. சுரங்கத்துக்குள்ள காத்து ஒரு ஷாஃப்ட்ல இறங்கி, வேலை இடமெல்லாம் சுத்தி, இன்னொரு ஷாஃப்ட் வழியா வெளிய போகும். உள்ள வர்ற பாதைல தீப்பிடிச்சா நல்ல காத்து கொண்டு வர்ற அதே ஃபேன் புகையை நேரா ஆளுங்ககிட்ட கொண்டு போய் விடும். அதனால காத்தோட திசையை உடனே மாத்துற ஏற்பாடு இருக்கணும்னு சட்டம், 1913 ஜனவரி 1 கெடு. யுனிவர்சல் டைம் கேட்டுச்சு, செப்டம்பர் வரைக்கும் குடுத்தாங்க. செப்டம்பரும் முடிஞ்சுது, வேலை முடியல. வெடிப்பு அக்டோபர் 14. திருப்பி ஓட்டியிருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்கன்னு கணக்குப் போட முடியாது, சில சமயம் திருப்புறதே ஆபத்தாவும் முடியும், ஆனா அந்த முடிவை எடுக்கிற வாய்ப்பே மேனேஜருக்கு இல்லாம போச்சு.

3. மணிக்கம்பி. இதுக்கு தனியா கீழ வர்றேன்.

4. கல்தூள். இது சட்டத்துலயே இல்ல, ஆனா தெரிஞ்சிருந்துச்சு. யார்க்ஷயர்ல ஆல்டாஃப்ட்ஸ் சுரங்கம் 1886-ல வெடிச்சப்ப, பாதைல கல்தூசி இருந்த இடத்துல தீ தானா அணைஞ்சதை வில்லியம் கார்ஃபோர்த்ங்கிற இன்ஜினியர் கவனிச்சாரு. 1908 வாக்குல பெரிய இரும்புக் குழாய்ல வெடிக்க வச்சு நிரூபிச்சும் காட்டினாரு. கரித்தூசியோட போதுமான அளவு கல்தூளைக் கலந்துட்டா, கிளம்புற மேகம் எரியாது, கல்தூள் சூட்டை உறிஞ்சிடும். சுண்ணாம்புக்கல்லை அரைச்சு தூவுறது, அவ்வளவுதான் டெக்னாலஜி. பிரிட்டன்ல இது கட்டாயமானது 1920-ல, செங்ஹெனித்துக்கு 7 வருஷம் கழிச்சு.

அப்புறம் ஏன் செய்யல?

கம்பெனி பேராசைன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போகலாம், அது பொய்யும் இல்ல. ஆனா அதோட நிறுத்தினா பாதி விஷயம் விட்டுப்போகும்.

கரி வெட்டுறவனுக்குக் கூலி டன் கணக்குல, அதுவும் பெரிய கட்டிக்குத்தான் காசு. கூரைக்கு முட்டுக் குடுக்குறது, கல் ஒதுக்குறது மாதிரி வேலைங்களுக்கு 'டெட் ஒர்க்'னே பேரு, அதுக்குக் கூலி குடுக்கணுமா வேண்டாமான்னு தெற்கு வேல்ஸ்ல வருஷக்கணக்கா சண்டை. 1910-ல டோனிபாண்டி பக்கம் நடந்த பெரிய ஸ்ட்ரைக்கே கஷ்டமான இடத்துல வெட்டுறதுக்கு என்ன கூலிங்கிறதுல ஆரம்பிச்சதுதான். தூசி அள்ளுறதுல ஒரு கிலோ கரி கூட மேல வராது. முதலாளிக்கும் வராது, மேஸ்திரிக்கும் வராது. யாருக்கும் அவசரம் இல்லாத வேலை அது, அதனால சட்டம்தான் அவசரப்படுத்தணும், ஆனா சட்டம் கெடு மேல கெடு குடுத்துச்சு.

இன்னொண்ணு, உள்ளூர்க்காரன் "வேண்டாம், இது ஆபத்து"ன்னு எங்க போய் நிப்பான்? வேற வேலைக்குப் போகணும்னா பள்ளத்தாக்கை விட்டே போகணும், அடுத்த பள்ளத்தாக்குலயும் இதே தொழில்தான். வெடிப்பு நடந்து ஒன்றரை மாசத்துக்குள்ள, நவம்பர் கடைசில, மிச்சம் இருந்தவங்க அதே யுனிவர்சல்ல திரும்ப வேலைக்கு இறங்கிட்டாங்க. வெளில இருந்து பார்க்கிறவங்களுக்கு இது புரியாது, ஆனா வேற என்ன பண்ணுவாங்க.

24 பவுண்டு

மேனேஜர் மேல 17 குற்றச்சாட்டு, கம்பெனி மேல 4. 1914-ல கேர்ஃபில்லி கோர்ட்ல வந்துச்சு. மேனேஜருக்கு அபராதம் மொத்தம் 24 பவுண்டு. கம்பெனிக்கு கடைசியா விழுந்தது 10 பவுண்டு, கூட கொஞ்சம் கோர்ட் செலவு. மேனேஜரோட 24 பவுண்டை 440-ஆல வகுத்தா ஒரு உயிருக்கு சுமார் 13 பென்னி வருது (அப்ப ஒரு பவுண்டுக்கு 240 பென்னி), இந்தக் கணக்கை அப்பவே பத்திரிகைல போட்டுக் கொதிச்சாங்க. அந்த ஆகஸ்ட்ல முதல் உலகப்போர் வந்துடுச்சு, கப்பலுக்குக் கரி வேணும், பேச்சு அடங்கிடுச்சு.

சுரங்கம் 1928-ல மூடிச்சு. ஊர் எந்த வேலைக்காக வந்துச்சோ அந்த வேலை முப்பது சொச்சம் வருஷத்துல முடிஞ்சு போச்சு. பக்கத்து வின்ட்சர் 1986 வரைக்கும் ஓடிச்சு. 2013-ல, நூறு வருஷம் முடிஞ்ச அன்னைக்கு, வேல்ஸோட தேசிய சுரங்க நினைவிடத்தை செங்ஹெனித்லதான் திறந்தாங்க, மீட்பு ஆள் ஒருத்தர் தப்பி வந்தவரைத் தாங்கிப் பிடிக்கிற வெண்கலச் சிலை.

மணிக்கம்பில இருந்து ரிஃபைனரி வரைக்கும்

இப்ப விசாரணைப் பட்டியல்ல விட்டு வச்ச அந்த மூணாவது பாயின்ட், மணிக்கம்பி. டிராமை இழுக்கிற இன்ஜின்காரருக்கு "நிறுத்து", "இழு"ன்னு சொல்ல, பாதை நெடுக ரெண்டு கம்பி ஓடும், மேல உறையே இல்லாத வெறும் கம்பி. எந்த இடத்துல நின்னாலும் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட வச்சா அந்தக் கோடில மணி அடிக்கும். பேட்டரில ஓடுற சின்ன மணிதானே, இதுல என்ன ஆபத்துன்னு நினைச்சாங்க. வோல்டேஜ் கம்மின்னா பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை.

தப்பு எங்கன்னா, மணிக்குள்ள சுத்தியிருக்கிற காயில் சக்தியை சேமிச்சு வைக்கும், கம்பியை விடுற நொடில அது பொறியா குதிக்கும். ஆர்.வி.வீலர், டபிள்யூ.எம்.தார்ன்டன் மாதிரி ஆளுங்க வெடிப்புக்கு அப்புறம் இதை எடுத்து சோதனை பண்ணாங்க, பேட்டரி மணியோட பொறியே மீத்தேனை பத்த வைக்கும்னு காட்டினாங்க. வோல்டேஜை மட்டும் பார்க்காதே, சர்க்யூட்ல சேர்ற மொத்த சக்தியையும் பத்த வைக்கத் தேவையான அளவுக்கு கீழயே கட்டிப் போடு, கம்பி உரசினாலும் அறுந்தாலும் வாயுவைத் தொடாதுங்கிற யோசனை அங்கேர்ந்து வளர்ந்ததுதான். இன்னைக்கு அதுக்குப் பேரு 'இன்ட்ரின்சிக் சேஃப்டி'. மணலி ரிஃபைனரியோ, வளைகுடா நாட்டு கேஸ் பிளான்ட்டோ, இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிற நம்மாளுங்க எல்லாருக்கும் ஐ.எஸ். பேரியர் (கம்பிக்குப் போற சக்தியை அந்த அளவுக்கு மேல விடாத தடுப்புக் கருவி), 'எக்ஸ் ஐ.ஏ.' ஸ்டிக்கர் (வெடிக்கிற வாயு இருக்கிற இடத்துக்கு ஏத்த கருவிங்கிற முத்திரை) பழக்கம். பேனல்ல வரிசையா நிக்கிற அந்த பேரியருங்களோட பூர்வீகம் இந்த மணிதான்.

அப்ப இப்ப நடக்காதா?

2010 ஏப்ரல் 5, அமெரிக்காவோட மேற்கு வர்ஜீனியா, அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம். 29 பேர் சாவு. ரிப்போர்ட்டைப் படிச்சா ஆள் பேரும் மெஷின் பேரும்தான் மாறியிருக்கு. கரி வெட்டுற பெரிய மெஷினோட பல்லு தேய்ஞ்சிருந்துச்சு, தண்ணி தெளிக்கிற மூக்கு சிலது காணோம், கல்லுல உரசின பொறில கொஞ்சம் மீத்தேன் பத்திச்சு. தண்ணி தெளிச்சிருந்தா அங்கயே அணைஞ்சிருக்கும். அணையல, தூசியைப் பிடிச்சிடுச்சு. கல்தூள் தூவுறதுக்கு இருந்தது அடிக்கடி ரிப்பேர் ஆகுற ஒரு பழைய மெஷினும் ரெண்டு ஆளும், அவங்களுக்கும் அது முழுநேர வேலை இல்ல. செத்தவங்கள்ல 19 பேர் கார்பன் மோனாக்சைடால.

அங்க இன்னொரு கூத்தும் நடந்துச்சு. ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சதை உற்பத்திக்கான உள் நோட்டுல எழுதி வச்சாங்க, அரசாங்க ஆய்வாளர் பார்க்கிற நோட்டுல எழுதல. உடற்கூறு பார்க்க நுரையீரல் திசு போதுமா கிடைச்ச 24 பேர்ல 17 பேருக்கு ஏற்கனவே கரித்தூசி நோய் இருந்துச்சு, அதாவது வெடிச்ச தூசியைத்தான் அவங்க வருஷக்கணக்கா சுவாசிச்சுட்டும் இருந்திருக்காங்க.

இந்தத் தடவ கம்பெனித் தலைவர் வரைக்கும் கேஸ் போச்சு. மாஸ்ஸி எனர்ஜியோட டான் பிளாங்கன்ஷிப்புக்கு 2016-ல ஒரு வருஷம் ஜெயில், 2,50,000 டாலர் அபராதம். ஒரு வருஷம்தானான்னு கேட்டா, தெரிஞ்சே சுரங்கப் பாதுகாப்பு விதியை மீறுறதுக்கு சதி பண்ணாருங்கிற அந்தக் குற்றத்துக்கு சட்டப்படி அதிகபட்ச தண்டனையே அவ்வளவுதான், சில்லறைக் குற்றங்கள் வரிசைலதான் அது வருது.